ஏரியில் பச்சை கரைத்த வழக்கு

1

போன வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் முடிந்தது. அன்றைக்கு வீட்டில் சேமியா பாயசம் வைக்கலாம் என்றிருந்தேன். அதற்குப் பதிலாக வெளிநாட்டவர் அலுவலகத்தின் மரப்பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போதுதான் நன்றாகப் படிக்க வந்திருக்கிறது. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பாள்.

படிவத்தில் ஒரு கேள்வி. வேறு எந்த நாட்டிலாவது உங்கள் மேல் வழக்கோ விசாரணையோ நடந்திருக்கிறதா?

நான் 'ஆம்' என்று எழுதினேன். என்ன வழக்கு என்ற இடத்தில், 'ஏரியில் சாயம் கரைத்தது' என்று எழுதினேன்.

வசந்தி அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "அம்மா, நெய்ன்னு எழுது" என்று ஜெர்மன் மொழியில் கிசுகிசுத்தாள். நெய்ன் என்றால் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவும் அதையேதான் சொன்னார். நல்ல மனிதர். "ஃப்ராவ் வேதாசலம், இதை எழுதினால் மேலதிகாரிக்குப் போகும். இல்லை என்று எழுதினால் இங்கேயே முடிந்துவிடும்" என்றார்.

"நடந்தது உண்மை. இல்லை என்று எழுத மாட்டேன்" என்றேன்.

மேலதிகாரிக்குப் போயிற்று. அவர் கூப்பிட்டுக் கேட்டார், நான் சொன்னேன். முத்திரை குத்திக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் டிராமில் வரும்போது வசந்தி என்னோடு பேசவில்லை. வழக்கு என்றால் திருடுகிறவர்கள் மேல்தான் வரும் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஜெர்மன் மொழியில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரிகிறது. அதனால் முதலில் தமிழ் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பழவேற்காடு ஏரி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2

இங்கே என்னை எல்லோரும் ஃப்ராவ், அதாவது திருமதி, என்று சேர்த்து அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். குடும்பப் பெயர் என்ன என்று முதல் நாள் கேட்டார்கள். எங்கள் குப்பத்தில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் கன்னியம்மாள் என்பதற்குப் பின்னால் அப்பா பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். நைனா பொன்னேரிச் சந்தையைத் தாண்டிப் போனவர் இல்லை. இப்போது ரைன் நதிக்கரையில் தினம் இருபது பேர் அவரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் என்னை இங்கே நர்சு படிப்புக்குத்தான் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைவிட அங்கிருந்த பரிசோதனைக் கூடம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் படிப்புக்கு மாறினேன். முடித்ததும் தாவரங்களை ஆராயும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது.

முதல் வாரத்தில் ஒரு கூத்து. அலமாரியில் ஒரு பாட்டிலின் மேல் 'கிஃப்ட்' என்று ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷை வைத்து, யாருக்கு யார் கொடுத்த பரிசு என்று கேட்டேன். அறையே சிரித்தது. ஜெர்மன் மொழியில் கிஃப்ட் என்றால் விஷம்.

அந்த நிலையத்தில் ஒரு பக்கம் எங்கள் கூட்டம். இலை வெளிச்சத்தையும் காற்றையும் தண்ணீரையும் வாங்கி என்ன செய்கிறது, எதை எதுவாக மாற்றுகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இன்னொரு பக்கம் ஆற்றுக்காரர்கள். மேலே ஓர் இடத்தில் சாயத்தைக் கொட்டுவார்கள். கீழே ஒவ்வொரு பாலமாக நின்று, அது எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது தீருகிறது என்று அளப்பார்கள். ஆற்றில் ஒரு பொருள் எப்படிப் பயணம் போகிறது என்பது அதிலிருந்து தெரியும்.

அந்த வருஷங்களில் ரைன் நதி அப்படி நாறும். தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் அதில்தான் விட்டன. அதனால் இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு வேலை செய்தது. ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் பாசியைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைப்போம். நல்ல தண்ணீர் என்றால் பாசி குமிழ் குமிழாக மூச்சு விடும். தண்ணீரில் விஷம் இருந்தால் குமிழ் குறையும், நின்றுபோகும். எந்த ஊர்த் தண்ணீரில் பாசிக்கு மூச்சு நின்றது, அந்தத் தண்ணீர் அடுத்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

குமிழ் எண்ணுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அந்தப் பாசியும் எனக்குப் புதிது இல்லை. நம்மூர் வேலம்பாசிக்கு அது பங்காளி முறை.

3

இங்கே வந்து ஆறு வருஷம் ஆனபோது அண்ணனிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. அண்ணன் ஆறுமுகம் ஐந்தாவது வரைக்கும் படித்தவர். எப்போதும் அரைப்பக்கம்தான் எழுதுவார். அன்றைக்கு மூன்று பக்கம்.

கும்மிடிப்பூண்டி பக்கம் தொழிற்பேட்டை வந்ததும், அதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேலை கிடைத்ததும் எனக்குத் தெரியும். ஆரம்பாக்கத்திலிருந்து ஆட்கள் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்று முன்பே எழுதியிருந்தார். இந்தக் கடிதத்தில் வேறு கதை. அங்கே இரும்பை அமிலத்தில் கழுவுகிற ஒரு கம்பெனி. கழுவின தண்ணீரை மதிலுக்கு வெளியே ஓடையில் விடுகிறார்கள். ஓடை எங்கள் ஏரியில் வந்து விழுகிறது. எங்கள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு முழங்கை வரைக்கும் தோல் வெடித்துப் புண் வருகிறது. அண்ணிக்கும் வந்திருக்கிறது. ஓடை வாய்ப் பக்கம் இறாலே இல்லை.

அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டார்களாம். கம்பெனி பதில் சொல்லிவிட்டது: எங்கள் தண்ணீர் நடுவில் இருக்கும் பள்ளத்தில் தேங்கி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, ஏரிவரை வருவதே இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பள்ளத்துக்குக் கீழே ஓடை காய்ந்துதான் கிடந்தது. உப்புத் தண்ணீரில் வேலை செய்தால் கை வெடிக்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தலைவரிடம் போனேன். கொஞ்சம் சாயமும் கிறிஸ்துமஸ் சமயத்தில் விடுமுறையும் கேட்டேன். விடுமுறை கொடுத்தார். சாயம் தர முடியாது என்றார். "அது நம்முடைய ஆறு இல்லை, ஃப்ராவ் வேதாசலம்."

"என்னுடைய ஏரி" என்றேன்.

ஆற்றுக்காரர்களில் க்ளாஸ் என்று ஒருவன். மருந்துக் கடையில் எந்தச் சாயத்தைக் கேட்க வேண்டும் என்று அவன்தான் எழுதிக் கொடுத்தான். கண் டாக்டர்கள் கண்ணுக்குள் விட்டுப் பார்க்கும் சாயம் அது. பொடியாக இருக்கும்போது செங்கல் தூள் மாதிரி இருக்கும். தண்ணீரில் விழுந்தால் விளக்கு மாதிரி கிளிப்பச்சையாக எரியும். "வெயில் பட்டால் வெளுத்துவிடும், நாளைக் கடத்தாதே" என்றான்.

வசந்திக்கு அப்போது மூன்று வயது. மழலைத் தமிழில் ஓயாமல் பேசுவாள். அவளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மூன்று வாரத்தில் வருவதாகக் கிளம்பினேன்.

4

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, மொளகாத்தூளா?"

"சாயம் சார்."

"புடவைக்கா?"

"தண்ணிக்கு."

தண்ணீருக்கு எதற்குச் சாயம் என்று அவர் கேட்டார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, என்றேன். பின்னால் நீண்ட வரிசை நின்றது. அவர் தலையில் அடித்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்.

5

அண்ணி பச்சையம்மாள் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொள்ள வந்து, பாதியில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் பிடித்துப் பார்த்தேன். விரலிடுக்கு எல்லாம் வெள்ளையாக வெந்து, முழங்கை வரைக்கும் கோடு கோடாக வெடித்திருந்தது.

"எரியுதா அண்ணி?"

"சோறு பெசஞ்சா எரியுது. மொளகாயே தொட முடியல கன்னிமா. அதெல்லாம் பேஜாரு, உடு. நாஷ்டா துன்னியா?"

முதல் வேலையாகப் பாசிச் சோதனை செய்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இரண்டு. குளத்திலிருந்து வேலம்பாசி. ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீர், இன்னொன்றில் ஓடை வாய்த் தண்ணீர். ஏரித் தண்ணீரின் உப்பு மட்டுமே பாசியைக் கொன்றுவிடும் என்று யாராவது சொல்லிவிடக் கூடாதே. அதனால் ஏரியின் மறுபக்கத்துத் தண்ணீரை மூன்றாவது பாட்டிலில் வைத்தேன். மூன்றையும் வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அண்ணியும் தெருவிலிருந்த நாலைந்து பெண்களும் குத்துக்காலிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

குளத்துப் பாட்டிலில் முத்து முத்தாகக் குமிழ் ஏறிற்று. மறுகரைத் தண்ணீரில் கொஞ்சம் மெதுவாக ஏறிற்று. ஓடை வாய்ப் பாட்டிலில் ஒன்றுமே இல்லை. மாலைக்குள் அந்தப் பாசி பழுப்பாகிவிட்டது.

"இது இன்னாத்துக்கு மூச்சு உடல?" என்று அண்ணி கேட்டார்.

"இலை வெயில வாங்கிச் சோறாக்கும் அண்ணி. அப்ப உடற மூச்சுதான் இந்தக் குமிழ். அந்தச் சோறாக்கற வேலைய இந்தத் தண்ணி நிறுத்திடுச்சு."

அண்ணி அந்தப் பாட்டிலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். "அப்ப எங் கையும் அப்டித்தான்" என்றார்.

ஆனால் இதை மட்டும் காட்டினால் கம்பெனி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் கெட்டிருக்கலாம், ஆனால் எங்களால் இல்லை என்பார்கள். வழியைக் காட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் அண்ணனும் நானும் கம்பெனி மதிலின் வெளிப்பக்கம் குழாய் விழும் இடத்துக்குப் போய், பொட்டலத்தில் பாதியைக் கொட்டினோம். பச்சை எரியும் என்று நான் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். எரியவில்லை. அழுக்கு மஞ்சளாக ஒரு நிறம் காட்டியது. பள்ளம் வரைக்கும் கூடவே நடந்தோம். பள்ளத்துக்குள் பரவி, சேற்றோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அன்று முழுக்க நின்றோம். அடுத்த நாளும் போனோம். பள்ளத்துக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அண்ணன் வரப்பின் மேல் உட்கார்ந்தார். "கம்பெனிக்காரன் சொன்னது நெசந்தானா கன்னிமா?"

மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். சாயம் கெட்டுப்போயிற்றா, கணக்குத் தப்பா, இல்லை அவர்கள் சொல்வதுதான் சரியா? ஆறு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து ஊரார் முன்னால் கம்பெனிக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டதே.

அண்ணன்தான் யோசித்து யோசித்துக் கேட்டார். "உங்க ஊரு ஆத்துல அலை ஏறுமா?"

"ஏறாதுணா. ஒரே பக்கமாத்தான் ஓடும்."

"இங்க ஏறுமே. முகத்துவாரம் தொறந்துக்கினு இருக்கற மாசம் இது. அமாவாசைக்கு ஏரித்தண்ணி ஓடைக்குள்ள ஏறி இந்தப் பள்ளத்த ரொப்பும். வடியும்போது எல்லாத்தையும் வழிச்சுக்கினு போவும். கையில புண்ணு ஜாஸ்தியாவறதும் அமாவாசை, பௌர்ணமி தாண்டிதான்."

அதிகாரிகள் வந்து பார்த்ததெல்லாம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வரும் நாட்களில். எனக்கும் இது தோன்றவில்லை. ரைன் நதியில் அமாவாசைக்கு வேலை கிடையாது.

மூன்று நாள் காத்திருந்தோம். அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் மிச்சப் பொட்டலத்தைக் கொட்டினோம். மறுபடியும் அழுக்கு மஞ்சள். மறுபடியும் பள்ளத்தில் காணாமல் போயிற்று. விடிந்ததும் ஓடை வாய்க்குப் போனேன். தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. பெண்கள் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் இறங்கினார். வேண்டாம் என்றேன். சாயம் தான் நிற்கும் இடத்துக்குத்தானே வர வேண்டும், நின்று பார்க்கிறேன் என்றார்.

முதலில் ஓடை வாயில் ஒரு இழை மாதிரி வந்தது. ஏரியின் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் பற்றிக்கொண்டது. கிளி மாதிரி, வாழைக்குருத்து மாதிரி பச்சை. இழை அகலமாகி, பெண்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அண்ணி பறியை வாயிலிருந்து எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டினார். கையிலிருந்து பச்சை சொட்டியது. கரையில் குப்பம் மொத்தமும் நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தச் சாயம் அமிலத்தில் எரியாது. ஓடை முழுக்க அமிலம் இருந்ததால்தான் அது மங்கிக் கிடந்தது. அமிலம் தளர்ந்த இடத்தில் எரிந்தது. கம்பெனித் தண்ணீர் ஏரிக்கு வருகிறது என்பதோடு, அது என்ன தண்ணீர் என்பதையும் சாயம் சொல்லிவிட்டது.

6

மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஏரியில் விஷம் கலந்துவிட்டாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. பொன்னேரி தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்து நாற்காலியில் கம்பெனி மேனேஜர். எனக்கு நாற்காலி போடவில்லை.

"யாரைக் கேட்டு சர்க்கார் தண்ணீரில் விஷம் போட்டே?" என்று அதிகாரி கேட்டார்.

"விஷம் இல்லை சார். கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் விடுகிற மருந்து."

"நீ சொன்னா ஆச்சா?"

தாளில் ஒட்டியிருந்த மிச்சப் பொடியைச் சான்றுக்காக எடுத்துப் போயிருந்தேன். மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை இழுத்து, அதில் ஒரு சிட்டிகை தட்டினேன். டம்ளர் பச்சையாக எரிந்தது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் ஏரியில கலந்தத நான் குடிச்சிட்டேன். அவர் ஏரியில கலக்கறத ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லுங்க. அவர் குடிக்கட்டும். நான் இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு இரண்டு நாள் மூத்திரம் பச்சையாகப் போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை.

அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அனுமதியில்லாமல் நீர்நிலையில் பொருள் கலந்ததாக வழக்கு எழுதிக்கொண்டார். திருவள்ளூரில் பெரிய அதிகாரி விசாரிக்கும் வரைக்கும் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கும் என்றார். நான் வெளியே வந்ததும் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அறியாமையால் சாயத்தைக் கொட்டிவிட்டேன், எனக்கு இதில் தகுதி எதுவும் கிடையாது, நான் கண்டதாகச் சொன்னது தவறு என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடும்மா. சாயங்காலமே பாஸ்போர்ட் வரும். குழந்தை அங்கே தனியா இருக்காமே" என்றார்.

அந்தக் குழந்தை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று அண்ணன் சாப்பிடவில்லை. "கையெழுத்து போட்டுட்டுப் போ கன்னிமா. எங்க பாட்ட நாங்க பாத்துக்கறோம். உன் பொழப்பு போயிடும், கொயந்த ஏங்கிப் பூடும்."

அண்ணி அடுப்படியிலிருந்து சொன்னார். "அவ போட்டா நாம பொய் சொன்னதா ஆயிடும். இந்தக் கைய நான் அப்புறம் யார்கிட்ட போய் காட்டறது?" பிறகு என்னிடம் வந்து, கொஞ்சம் குரல் இறங்கி, "ஆனா நீ போட்டா நான் உன்ன கோச்சுக்க மாட்டேன்" என்றார்.

நான் போடவில்லை.

7

மூன்று வாரம் ஏழு வாரம் ஆயிற்று. நிலையத்திலிருந்து தந்தி வந்தது, உடனே வரவில்லை என்றால் இடம் போய்விடும் என்று. திருவள்ளூருக்கு நான்கு தடவை போனேன். ஒரு தடவை அதிகாரி முகாம் போயிருந்தார். ஒரு தடவை ஃபைல் இன்னும் பொன்னேரியிலிருந்து வரவில்லை. ஒரு தடவை, ஜெர்மனி அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தலைவருக்கு எழுதினேன். இந்த விஷயத்துக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நாலாவது தடவை நான் தனியாகப் போகவில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி மாறி, எங்கள் குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் மடியில் பாட்டிலோடு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் வேலம்பாசி. பாதியில் குளத்துத் தண்ணீர், பாதியில் ஓடை வாய்த் தண்ணீர். வராந்தாவில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டவாலி போட்ட சேவகர் வந்து விரட்டிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. சத்தம் கேட்டு அதிகாரியே வெளியே வந்தார். கண்ணாடி போட்ட, வயசான மனிதர்.

"என்னம்மா கடை இது?"

அண்ணி எழுந்தார். "கடை இல்ல சார். இது மூச்சு உடுது, இது உடல. நீங்களே குனிஞ்சு பாருங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டே வரிசையின் கடைசி வரைக்கும் போனார். திரும்பி வந்து என்னைக் கேட்டார். நான் அமாவாசை விஷயத்தைச் சொன்னேன். கூட வந்திருந்த அண்ணன் ஓடையைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார்.

அடுத்த பௌர்ணமிக்கு அந்த அதிகாரி தானே வந்து ஓடை வாயில் நின்றார், சேறு முழங்கால் வரைக்கும். அந்த வாரத்திலேயே என் பாஸ்போர்ட் வந்தது. என்னை எச்சரித்து விடுவித்ததாக ஒரு உத்தரவு. அமிலத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு ஆற்றித் தொட்டியில் தேக்க வேண்டும், பள்ளத்தின் கீழ்ப்பக்கம் கரை கட்ட வேண்டும் என்று கம்பெனிக்கு இன்னொரு உத்தரவு. தொட்டி கட்டினார்கள். முழுசாகத் திருந்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். மழை வந்தால் திறந்துவிடுவார்கள். அப்போதெல்லாம் பாட்டில்கள் மறுபடி ரயிலேறும். ஆபீசில் எங்கள் பெண்களுக்குப் 'பாசி கோஷ்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அண்ணியின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது வசந்தி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். அந்த ஏழு வாரமும் அவள் பகலெல்லாம் பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாளிடம்தான் இருந்திருக்கிறாள். நான் தமிழில் கூப்பிட்டேன், அவள் ஜெர்மன் மொழியில் பதில் சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான். அதற்காக நான் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் மகளுக்குப் பொய்யில் போட்ட கையெழுத்தைத் தமிழிலும் என்னால் விளக்க முடியாது.

8

நிலையத்தில் என் மேசையை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாசம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். அதற்குள் க்ளாஸ் சொல்லி விஷயம் தலைவர் காதுக்குப் போயிற்று. பள்ளம் தேக்கி வைத்திருப்பதும், அலை ஏறி அதை வழித்துக்கொண்டு போவதும், சாயம் உப்புத் தண்ணீரில் எரிந்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். என் குறிப்பு நோட்டைக் கேட்டார். கட்டுரையாக எழுதலாம், அவர் பெயரும் க்ளாஸ் பெயரும் போட்டு, கடைசியில் எனக்கு நன்றி சொல்லி.

"நிலையத்துக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினீர்களே" என்றேன்.

"அது வேறு" என்றார்.

"என் பெயர் வர வேண்டும். அமாவாசையைச் சொன்ன என் அண்ணன் பெயர் வர வேண்டும். தண்ணீரில் நின்ற என் அண்ணி பெயரும்."

அவர் சிரித்தார். மீனவர்களின் பெயரை அறிவியல் கட்டுரையில் போட வழக்கமில்லை என்றார்.

நோட்டை நான் கொடுக்கவில்லை. மறுபடி போய்க் குழாய் கழுவினேன். மேசை எனக்குத் திரும்பக் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. குமிழ் எண்ண வேறு ஆள் சரியாக வரவில்லை, அதனால் கிடைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே தமிழில் எழுதினேன். ஓடை எங்கே புறப்பட்டு எங்கே விழுகிறது, என்றைக்கு எங்கே என்ன நிறம், பாசிச் சோதனையை யார் வேண்டுமானாலும் எப்படிச் செய்யலாம் என்று எட்டுப் பக்கம். எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் பொன்னேரியில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாகப் போட்டார். ஒரு பிரதியைத் திருவள்ளூர் ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்கினார். அட்டையில் மூன்று பெயர்: பச்சையம்மாள், ஆறுமுகம், கன்னியம்மாள்.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது அண்ணி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். தன் பெயர்மேல் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என் பேர எதுக்கு மொதல்ல போட்ட?"

"நீதான அண்ணி மொதல்ல தண்ணியில நின்ன."

விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தினார்.

"அப்ப எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்" என்றார்.